எல்லாக் கருவிகளுக்கும் ஒரே ஓராண்டு கேலிபரேஷன்: இதற்கு என்ன கணக்கு?

குறிச்சி_கேஜ் எழுதியது:

கோவையில் ஒரு நடுத்தர மெஷின் ஷாப்பில் தர ஆய்வுப் பொறுப்பில் இருக்கிறேன். பம்ப் உறுப்புகளும் வாகன உதிரிபாகங்களும் செய்கிறோம். மைக்ரோமீட்டர், வெர்னியர், டயல் கேஜ், போர் கேஜ், பிளக் கேஜ், பிரஷர் கேஜ், டார்க் ரெஞ்ச், வாசலில் ஓர் எடைமேடை என்று கருவிப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் ஒரே விதிதான்: ஆண்டுக்கு ஒரு முறை கேலிபரேஷன், அதாவது நம்பகமான ஓர் அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது.

வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து வந்த ஆடிட்டர் அந்தப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "ஏன் ஓராண்டு?" என்று கேட்டார். எங்கள் மேலாளர், "ஐ.எஸ்.ஓ.வில் அப்படித்தான் இருக்கிறது" என்றார். "எந்தப் பிரிவில்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. "இடைவெளிக்கான அடிப்படை பதிவு செய்யப்படவில்லை" என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முதலாளியின் யோசனை வேறு. "மூன்று ஆண்டுகளாக எல்லாச் சான்றிதழும் நல்லபடியாகத்தானே வந்திருக்கிறது? இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று மாற்றிவிடு, செலவு பாதியாகும்" என்கிறார். இதையே அடிப்படை என்று எழுதிக் கொடுத்தால் ஆடிட்டர் ஏற்பாரா? உங்கள் தொழிற்சாலைகளில் இந்த இடைவெளியை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

ஆய்வக_ஆள் எழுதியது:

உங்கள் மேலாளர் சொன்னது எந்தப் பிரிவிலும் இல்லை. ஐ.எஸ்.ஓ. 9001:2015-இன் பிரிவு 7.1.5.2 கேட்பது, குறித்த இடைவெளிகளிலோ பயன்படுத்துவதற்கு முன்போ சரிபார்க்க வேண்டும் என்பது மட்டும்தான். அந்த இடைவெளியைக் குறிக்க வேண்டியவர் நீங்கள். வாகனத் துறைக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 இன்னும் கடுமையானது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும் என்கிறது, அளவீட்டு முறையின் பகுப்பாய்வு வேண்டும் என்கிறது. ஆனால் அதுவும் பன்னிரண்டு மாதம் என்று எங்கும் சொல்லவில்லை.

கேலிபரேஷன் ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களைக் கட்டுப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 17025:2017-இல் 7.8.4.3 என்று ஒரு பிரிவு உண்டு. வாடிக்கையாளரோடு ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, சான்றிதழிலோ ஒட்டும் லேபிளிலோ அடுத்த கேலிபரேஷன் எப்போது என்ற பரிந்துரை இருக்கக் கூடாது. நடைமுறையில் என்ன நடக்கிறது? வேலை ஆணையிலேயே "அடுத்த தேதி 12 மாதம்" என்று நீங்கள் எழுதி அனுப்புகிறீர்கள். நாங்கள் அதை அச்சிட்டுத் தருகிறோம். ஆடிட்டர் கேட்டால் "ஆய்வகமே சொல்லியிருக்கிறது" என்று அந்த லேபிளைக் காட்டுகிறீர்கள். நீங்கள் எழுதியதையே உங்களுக்குச் சாட்சியாக்குகிறீர்கள்.

இதற்கென்றே ஒரு வழிகாட்டு ஆவணம் இருக்கிறது. ஆய்வக அங்கீகார அமைப்புகளின் கூட்டமைப்பான ஐலாக்கும் சட்ட அளவியல் அமைப்பான ஓ.ஐ.எம்.எல்.லும் சேர்ந்து 2007-இல் வெளியிட்டு, 2022-இல் திருத்திய ஐலாக் ஜி-24. இலவசமாகக் கிடைக்கும், சிறியது, படித்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்களிடம் இருக்கும் சான்றிதழ்களில் அளவுகள் எத்தனை பத்தியாக இருக்கின்றன? ஒன்றா, இரண்டா?

பழைய_டர்னர் எழுதியது:

தம்பி, ஆண்டுக் கணக்கை விடுங்கள். கருவி தேய்வது வேலையால். அலமாரியில் தூங்கும் மைக்ரோமீட்டருக்கும் மூன்று ஷிப்டும் கைமாறும் மைக்ரோமீட்டருக்கும் ஒரே தேதியா?

துளையின் அளவைச் சோதிக்கும் பிளக் கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 25 எச்7 துளை என்றால் 25.000 முதல் 25.021 வரை, மொத்தம் 21 மைக்ரான் இடம். சரியான துளைக்குள் போக வேண்டிய கோ முனை ஒவ்வொரு துளைக்குள்ளும் போய் வருகிறது. வார்ப்பிரும்புத் துளையாக இருந்து, தூளைச் சரியாக ஊதாமல் கேஜை விட்டால் அது உப்புக்காகிதம் மாதிரி அரைக்கும். கோ முனை இரண்டு மைக்ரான் தேய்ந்து 24.998 ஆகிவிட்டால், 24.998-ஆக வந்த சின்னத் துளையும் "சரி" என்று போய்விடும். அசெம்பிளியில் பேரிங் ஏறாதபோதுதான் தெரியும். துளை பெரிதாகிவிட்டதா என்று பார்க்கும் நோ-கோ முனை பாவம், அது உள்ளேயே போவதில்லை, பல ஆண்டுக்கு அப்படியே இருக்கும். ஒரே கைப்பிடியில் இருக்கும் இரண்டு முனைக்கே இரண்டு விதமான ஆயுள். அதற்கு ஒரே தேதி போட்டு லேபிள் ஒட்டுகிறோம்.

நாங்கள் டூல் ரூமில் கோ முனைக்குத் துளை எண்ணிக்கை வைத்திருந்தோம். புது கேஜ் வந்தால் முதலில் ஒவ்வொரு ஆயிரம் துளைக்கும் ஒரு முறை அளந்து எழுதுவோம். நாலைந்து புள்ளி கிடைத்ததும் எத்தனை ஆயிரத்துக்கு ஒரு மைக்ரான் போகிறது என்று தெரிந்துவிடும். எஃகில் ஒரு கணக்கு, வார்ப்பிரும்பில் வேறு கணக்கு, அலுமினியத்தில் வேறு. அதற்குப் பிறகு தேதியே தேவையில்லை. உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்தாலே எந்த வாரம் கேஜ் போகும் என்று சொல்லிவிடலாம்.

குறிச்சி_கேஜ் எழுதியது:

டர்னர் ஐயா, எங்களுடையது முக்கால்வாசி வார்ப்பிரும்புதான். துளை எண்ணிக்கை சி.என்.சி. கவுன்ட்டரிலேயே இருக்கிறது, புதிதாக எண்ண வேண்டியதில்லை. இது நல்ல யோசனை.

ஆய்வக நண்பருக்கு: சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தேன். ஒரே பத்திதான். எல்லாக் கருவியும் அனுமதிக்குள் (ஏற்கக்கூடிய பிழை எல்லைக்குள்) இருப்பதாக இருக்கிறது.

ஆய்வக_ஆள் எழுதியது:

அப்படியானால் உங்கள் மூன்று ஆண்டுச் சான்றிதழ்களிலிருந்து இடைவெளியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் கடுமையாகப் படலாம், ஆனால் உண்மை அதுதான்.

கருவி எங்களிடம் வந்ததும் துடைத்து, எதையும் தொடாமல் எடுக்கும் அளவு ஒன்று. அதை வந்த நிலை அளவு என்போம். பிறகு பூஜ்யத்தைச் சரிசெய்து, தேவையானால் ஜாவை லேப் செய்து (தேய்த்துச் சமப்படுத்தி), மறுபடி எடுக்கும் அளவு இன்னொன்று. இரண்டாவதை மட்டும் அச்சிட்டால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வந்தபோது கருவி 9 மைக்ரான் தள்ளி நின்றதா, அரை மைக்ரானா என்பது மறைந்துபோகும். முதலாளி "எல்லாம் பாஸ்" என்று பார்ப்பது சரிசெய்த பிறகு எடுத்த அளவையாகவே இருக்கக்கூடும். உங்கள் ஆய்வகத்தைக் கேளுங்கள். சரிசெய்யும் முன் எடுத்த அளவு அவர்களுடைய கணினியில் இருந்தால் தருவார்கள். 17025-இலேயே, சரிசெய்திருந்தால் முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் கிடைக்கும் பட்சத்தில் இரண்டையும் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. இனி அனுப்பும் ஒவ்வொரு வேலை ஆணையிலும் "வந்த நிலை அளவு கட்டாயம்" என்று எழுதிவிடுங்கள்.

அதோடு சேர்த்து, "அனுமதிக்குள் இருந்தால் சரிசெய்ய வேண்டாம்" என்றும் எழுதுங்கள். பலர் இதற்குச் சம்மதிப்பதில்லை. காசு கொடுக்கிறோம், பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து தரட்டுமே என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் திருகிவிட்டால் அந்தக் கருவி இயல்பாக எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கிறது என்ற வரலாறு அறுந்துபோகும். அனுமதி ±4 மைக்ரான் என்று வையுங்கள். தொடாமல் விட்ட மைக்ரோமீட்டர் முதல் ஆண்டில் +1, அடுத்து +1.5, அடுத்து +2.5 என்று வந்தால் அது எங்கே போகிறது என்று நமக்கே தெரியும். ஐலாக் ஆவணம் சொல்லும் வழிகளில் மிக எளிதான படிக்கட்டு முறை இதன்மேல்தான் நிற்கிறது. வந்த நிலைப் பிழை அனுமதியில், உதாரணமாக, 80 சதவீதத்துக்குள் இருந்தால் அடுத்த இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம், வெளியே போயிருந்தால் குறைக்க வேண்டும். கணினி, மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

எண்ணிப்பார் எழுதியது:

"மூன்று ஆண்டாக எல்லாம் பாஸ்" என்ற வாதத்தை எண்ணிப் பார்ப்போம். வந்த நிலையிலேயே பாஸ் என்று வைத்துக்கொண்டால்கூட.

ஒரு கருவி மூன்று முறை தொடர்ந்து அனுமதிக்குள் இருந்தது. இதிலிருந்து 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது என்ன? கெடு தேதியில் அது அனுமதிக்குள் இருப்பதற்கான வாய்ப்பு குறைந்தது 37 சதவீதம் என்பது மட்டும். 0.05-க்குக் கன மூலம் எடுத்துப் பாருங்கள், 0.368 வரும். அதாவது மூன்று முறையில் ஒன்றுக்கு மேல் தவறக்கூடிய கருவிகூட அதிர்ஷ்டவசமாக மூன்று முறை பாஸாகிவிடலாம். "95 சதவீதம் நம்பலாம்" என்று அதே உறுதியோடு சொல்ல வேண்டுமென்றால், ஒரு தோல்விகூட இல்லாமல் 59 முடிவுகள் தேவை.

ஒற்றைக் கருவிக்கு 59 முடிவு சேர்க்க ஆயுள் போதாது. அதனால்தான் குழுவாகச் சேர்க்கிறார்கள். ஒரே வகை, ஒரே அளவு வரம்பு, ஏறக்குறைய ஒரே உபயோகம் உள்ள இருபது வெர்னியர் இருந்தால் மூன்று ஆண்டில் அறுபது முடிவு கிடைத்துவிடும். தனித்தனியாக ஒன்றும் சொல்லாதவை ஒன்றாகச் சேர்ந்து பேசும்.

பழைய_டர்னர் எழுதியது:

ஒரே உபயோகம் என்று யார் சொன்னது? இருபது வெர்னியரில் மூன்று வெல்டிங் பக்கத்தில் கிடக்கும். அதன் ஜாவைப் பார்த்தாலே கண்ணீர் வரும். அதையும் ஸ்டோர் அறையில் பெட்டிக்குள் இருக்கும் வெர்னியரையும் சேர்த்து எண்ணினால், பெட்டிக்குள் இருப்பதன் புண்ணியத்தில் வெல்டிங்காரனின் வெர்னியரும் தப்பித்துவிடும். கணக்கு சரி, குழு பிரித்தது தப்பு என்று பிறகு சொல்லாதீர்கள்.

எண்ணிப்பார் எழுதியது:

ஏற்கிறேன். குழுவை வாங்கிய தேதியையும் மாடலையும் பார்த்துப் பிரிக்காமல், எந்த இடத்தில் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். வெல்டிங் பக்கத்து மூன்றும் தனிக் குழு. அந்தக் குழுவில் கணக்கே தேவைப்படாது என்று நினைக்கிறேன், கண்ணே போதும்.

குறிச்சி_கேஜ் எழுதியது:

ஒரு சந்தேகம். ஆய்வகத்துக்கு அனுப்புவதைக் குறைத்து, ஷாப் தளத்திலேயே தினமும் பூஜ்யம் பார்த்தால் போதாதா? எங்களிடம் ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவுள்ள கட்டைகள்) செட் ஒன்று இருக்கிறது.

ஆய்வக_ஆள் எழுதியது:

இடையிடையே பார்ப்பது மிக நல்லது, ஐலாக் ஆவணமே அதை ஒரு முறையாக ஏற்கிறது. ஆனால் பூஜ்யம் மட்டும் பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. மைக்ரோமீட்டரில் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலர் ஏமாறுகிறார்கள்.

0–25 மைக்ரோமீட்டரை நாங்கள் சோதிக்கும் புள்ளிகளைச் சான்றிதழில் பார்த்திருப்பீர்கள்: 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25. ஏன் இப்படி உடைந்த எண்கள்? திருகின் புரி அரை மில்லிமீட்டர். 5, 10, 15 என்று முழு எண்களில் மட்டும் அளந்தால் திம்பிள் (நாம் சுழற்றும் உருளை) ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில்தான் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் இருக்கும் பிழை கண்ணில் படாது. 5.1-இலும் 7.7-இலும் திம்பிள் வேறு வேறு கோணத்தில் நிற்கும், அதனால் அந்தப் பிழை வெளியே வரும்.

இப்போது உங்கள் ஷாப்புக்கு வாருங்கள். ஓர் இயந்திரத்தில் ஆண்டு முழுவதும் 12 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஓடுகிறது. அந்த மைக்ரோமீட்டரின் திருகு 12-ஐச் சுற்றியுள்ள புரிகளில்தான் ஆயிரக்கணக்கான முறை போய் வந்திருக்கிறது. அங்கேதான் தேய்வும் இருக்கும். பூஜ்யத்தில் ஆன்வில்கள் அழகாகப் பொருந்தும், ரீடிங் சுத்தமாக 0.000 காட்டும். 12-இல் மூன்று மைக்ரான் பிசகி நிற்கும். ஆகவே தினசரிச் சோதனை வேலை அளவை ஒட்டிய ஸ்லிப் கேஜில் இருக்க வேண்டும், பூஜ்யத்தில் மட்டும் இருந்தால் போதாது. வெர்னியரிலும் இதே கதைதான். ஒரே ஸ்லிப்பை ஜாவின் நுனியிலும் அடியிலும் வைத்துப் பாருங்கள், இரண்டு ரீடிங் வந்தால் நுனி தேய்ந்திருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. அந்த ஸ்லிப் கேஜ் செட் எல்லாவற்றுக்கும் மூலமாகிவிட்டால் அதைத் தளத்தில் எல்லோர் கையிலும் விடக் கூடாது. தளத்துக்கு நாலைந்து துண்டு தனியாக வாங்கி வையுங்கள்.

பழைய_டர்னர் எழுதியது:

அப்படியே வெப்பநிலையையும் சொல்லிவிடுங்கள். ஆய்வகத்தில் 20 டிகிரி. சித்திரை மாதம் எங்கள் கூரைக்குக் கீழே 34. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் நீளும், அலுமினியம் அதைப் போல் இரண்டு மடங்கு. 100 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டை எஃகு மைக்ரோமீட்டரால் அளந்தால் 14 டிகிரி வித்தியாசத்தில் பதினாறு மைக்ரான் பொய் சொல்லும். அந்த மைக்ரோமீட்டரை மாதா மாதம் கேலிபரேஷனுக்கு அனுப்பினாலும் இந்தப் பதினாறு போகாது. இடைவெளியைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

உலைக்களம் எழுதியது:

வெப்பப் பதனிடும் தொழிலிலிருந்து ஒரு வார்த்தை. நீங்கள் எல்லோரும் கருவியை ஆய்வகத்துக்கு அனுப்பித் திரும்பப் பெறுகிறீர்கள். உலையின் வெப்பநிலையை அளக்கும் எங்கள் தெர்மோகப்பிளில் அந்த வழியே அடைபட்டிருக்கிறது.

கே வகைத் தெர்மோகப்பிள் 900 டிகிரியில் மாதக் கணக்கில் கிடந்தால் கம்பியின் கலவையே இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. உலையின் சுவருக்குள் இருந்த பகுதி ஒரு மாதிரி, நெருப்புக்குள் இருந்த பகுதி வேறு மாதிரி. ஆக்சிஜன் குறைவான உலையில் அதன் இரு கம்பிகளில் ஒன்றான குரோமெல் கம்பி பச்சையாக அரித்துப்போவதும் உண்டு. மின்னழுத்தம் உருவாவது வெப்பநிலை ஏறி இறங்கும் பகுதியில்தான், நுனியில் இல்லை. அதனால் கம்பியை உருவி எடுத்து ஆய்வக உலையில் வேறு ஆழத்தில் செருகினால் வேறொரு ரீடிங் வரும். அந்தச் சான்றிதழ் ஆய்வக உலைக்குப் பொருந்தும், நம் உலைக்குப் பொருந்தாது.

நாங்கள் செய்வது இதுதான். சான்றளித்த புதுக் கம்பி ஒன்றை உலைக்குள் இருக்கும் தெர்மோகப்பிளின் பக்கத்திலேயே செருகி, வேலை நடக்கும் வெப்பநிலையில் இரண்டையும் ஒப்பிடுகிறோம். வித்தியாசம் எல்லைக்கு மேல் போனால் பழையதை வெட்டி எறிந்துவிடுகிறோம். இங்கே இடைவெளி என்ற கேள்விக்குப் பதில், கம்பியை எப்போது மாற்றுவது என்பதுதான்.

மருந்தாலை_வாணி எழுதியது:

எங்கள் பக்கம் நிலைமை நேர் எதிர். அமெரிக்க மருந்து விதி 21 சி.எஃப்.ஆர். 211.160 "பொருத்தமான இடைவெளிகளில், எழுதி வைத்த திட்டப்படி" என்றுதான் சொல்கிறது. ஆனால் தராசு தவறிவிட்டால் ஒரு முழு பேட்ச் போய்விடும். அதனால் தராசுக்கு வெளி ஆய்வகம் ஆண்டுக்கு ஒரு முறை வந்தாலும், ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் எடைக்கல் வைத்துப் பார்த்துக் கையெழுத்திடாமல் யாரும் பொருளை நிறுப்பதில்லை. பி.எச். மீட்டரை நாங்கள் பயன்படுத்தும் அன்று 4, 7, 10 கரைசல்களில் சரிபார்க்கிறோம். 25 டிகிரியில் ஓர் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்பது கொள்கையளவு. எலக்ட்ரோடு வயதாக ஆக அந்தச் சரிவு குறைந்துகொண்டே வரும், எங்கள் நடைமுறையில் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் எலக்ட்ரோடை மாற்றுகிறோம். பி.எச். எலக்ட்ரோடுக்கு "ஓராண்டு" லேபிள் ஒட்டியிருப்பதை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். சிரிப்புதான் வந்தது.

குறிச்சி நண்பருக்கு ஒரு கேள்வி. ஒரு கருவி கேலிபரேஷனில் தவறிவிட்டது என்று வையுங்கள். அதற்கு முந்தைய கேலிபரேஷனுக்குப் பிறகு அந்தக் கருவி அளந்து அனுப்பிய சரக்கை என்ன செய்வீர்கள்?

குறிச்சி_கேஜ் எழுதியது:

நேர்மையான பதில்: கருவியைச் சரிசெய்து மறுபடி தளத்துக்கு அனுப்புவோம். சரக்கைப் பற்றி இங்கே யாரும் பேசியதில்லை.

ஆடிட்_முருங்கை எழுதியது:

நான் ஆடிட்டர்தான், உங்களிடம் வந்தவர் இல்லை. வாணி கேட்டதுதான் இந்த இழையின் உயிர் என்பேன்.

9001-இன் அதே 7.1.5.2-இல், கருவி தகுதியற்றது என்று தெரிந்தால் அதுவரை எடுத்த அளவுகள் பாதிக்கப்பட்டனவா என்று நிறுவனம் தீர்மானித்து, தேவையான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கடைசியாகச் சரி என்று தெரிந்த நாளிலிருந்து தவறு என்று தெரிந்த நாள் வரை அளந்த எல்லாமே சந்தேகத்தில் நிற்கும். ஓராண்டு இடைவெளி வைத்தால் ஓராண்டுச் சரக்கு. இரண்டாண்டு வைத்தால் இரண்டாண்டுச் சரக்கு, அதில் பாதி ஏற்கெனவே வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் முதலாளி கேலிபரேஷன் கட்டணத்தில் மிச்சம் பிடிப்பதைப் பார்க்கிறார். அவரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள்: எத்தனை துண்டுகளைத் திரும்பக் கூப்பிட நீங்கள் தயார்? இடைவெளி அந்த எண்ணிலிருந்துதான் பிறக்க வேண்டும். டர்னர் சொன்ன தேய்வும் எண்ணிப்பார் சொன்ன 59-உம் அதற்குப் பிறகு வருபவை.

இதே காரணத்தால்தான் தினசரிச் சோதனைக்கு இவ்வளவு மதிப்பு. காலையில் வேலை அளவு ஸ்லிப்பில் பார்த்துப் பதிவு செய்திருந்தால், சந்தேகத்தில் நிற்பது ஒரு நாள் சரக்கு மட்டும். அப்படிப் பதிவு உள்ள கருவிக்கு வெளிக் கேலிபரேஷனை நீங்கள் பதினெட்டு மாதம் ஆக்கினால் நான் மறுக்க மாட்டேன். தாளில் நான் பார்ப்பது மூன்றே விஷயம்: எந்த அளவைப் பாதுகாக்கிறது, வந்த நிலை வரலாறு என்ன சொல்கிறது, தவறினால் எவ்வளவு சரக்கு மாட்டும். மூன்று வரி எழுதியிருந்தால் போதும், கணித ஆய்வுக் கட்டுரை வேண்டாம். ஆனால் "செலவு குறைப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால் கண்டிப்பாக எழுதி வைப்பேன்.

சில கருவிகளுக்கு அவற்றின் தரநிலையே கால எல்லை சொல்லும். இழுவிசைச் சோதனை இயந்திரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 7500-1 பரிந்துரைப்பது 12 மாதத்துக்கு மிகாமல். இடையில் பிரித்து வேறிடத்துக்கு மாற்றினாலோ பெரிய பழுது பார்த்தாலோ அந்தக் கணக்கு செல்லாது, உடனே மறுபடி பார்க்க வேண்டும். மற்றவற்றுக்கும் இந்த விதியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கீழே விழுந்த கருவிக்கு லேபிளில் எட்டு மாதம் மிச்சம் இருப்பது எந்த வகையிலும் ஆறுதல் இல்லை.

பட்டியலில் எடைமேடை இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள். வாங்குவதும் விற்பதும் அதன்மேல் நடந்தால் அது சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன் கீழ் வரும். 2011 விதிகளின்படி எடைக்கற்கள், நீட்டல் அளவைகள் போன்றவற்றுக்கு 24 மாதம், சேமிப்புத் தொட்டிக்கு 60 மாதம், எடைமேடை உள்ளிட்ட மற்றவற்றுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை மறுமுத்திரை. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை இதைப் பார்க்கிறது. என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான இந்திய அங்கீகார அமைப்பு) சான்றிதழ் கையில் இருந்தாலும் முத்திரைக்கு அது ஈடாகாது, வந்த நிலை வரலாறு எவ்வளவு அருமையாக இருந்தாலும் அந்தப் பன்னிரண்டு மாதத்தை நீட்டவும் முடியாது.

எண்ணிப்பார் எழுதியது:

ஆடிட் நண்பர் சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். தினசரிச் சோதனை இருந்தால் பதினெட்டு மாதம் என்று நேரடியாகத் தாவக் கூடாது. அந்தச் சோதனைக்கு ஓர் எல்லை வைத்து, ரீடிங்குகளை வரைபடத்தில் போட வேண்டும். "சரி" என்று டிக் மட்டும் போட்ட தாளில் நகர்வு தெரியாது. நான் பார்த்த தாள்களில் பெரும்பாலும் டிக்தான். அதுவும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மாதம் முழுவதற்கும்.

ஆடிட்_முருங்கை எழுதியது:

அந்த ஒரே பேனாவை எனக்கும் தெரியும். எண் எழுத வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

குறிச்சி_கேஜ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதலாளியோடு உட்கார்ந்து பேசினேன். "எத்தனை துண்டுகளைத் திரும்பக் கூப்பிடத் தயார்" என்ற கேள்விக்குப் பிறகு அவர் இரண்டாண்டுப் பேச்சை எடுக்கவில்லை. வரைவு இப்படி இருக்கிறது, குறை இருந்தால் சொல்லுங்கள்.

பிளக் கேஜ் கோ முனை: துளை எண்ணிக்கைப்படி, வார்ப்பிரும்புக்கு முதலில் ஆயிரத்துக்கு ஒரு முறை உள்ளேயே அளப்பது. நோ-கோ முனை ஓராண்டு. மைக்ரோமீட்டர், வெர்னியர்: இருப்பிடத்தைப் பார்த்துக் குழுவாகப் பிரித்து, தினமும் வேலை அளவு ஸ்லிப்பில் பார்த்து எண் எழுதுவது, வெளிக் கேலிபரேஷன் இப்போதைக்கு ஓராண்டு, வந்த நிலை அளவு சேர்ந்த பிறகு படிக்கட்டு முறையில் நீட்டுவது. வெல்டிங் பக்கத்து வெர்னியர் மூன்று மாதம். பெட்டி பிரிக்காத உபரிக் கருவிகளுக்கு முதல் உபயோகத்தின் முன் சரிபார்ப்பு, அதுவரை "பயன்பாட்டில் இல்லை" லேபிள். கம்ப்ரஸரில் சும்மா காற்று இருக்கிறதா என்று பார்க்க மட்டும் உள்ள பிரஷர் கேஜுகளுக்கு "குறிப்புக்கு மட்டும்" லேபிள், ஹைட்ராலிக் சோதனை மேடையில் இருப்பவற்றுக்கு ஆறு மாதம். ஸ்லிப் கேஜ் மூலச் செட் ஓராண்டு. எடைமேடை முத்திரைப்படி. டார்க் ரெஞ்ச் ஓராண்டு.

ஆய்வக_ஆள் எழுதியது:

பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. ஸ்லிப் கேஜ் செட் புதியதா? ஐ.எஸ்.ஓ. 3650-இன்படி தரம் 1-இல் 100 மில்லிமீட்டர் கட்டை தானாகவே ஆண்டுக்கு 0.1 மைக்ரான் வரை மாற அனுமதி உண்டு. உங்கள் வேலைக்கு அது ஒன்றுமே இல்லை. அதனால் இரண்டு மூன்று முறை பார்த்த பிறகு அந்தச் செட்டை நீட்டலாம், ஆனால் கீறலும் துருவும் இல்லை என்று மாதம் ஒரு முறை ஆப்டிகல் ஃபிளாட் (மிகத் தட்டையான கண்ணாடி வில்லை) வைத்துப் பாருங்கள்.

டார்க் ரெஞ்ச்தான் இடிக்கிறது. ஒரு ரெஞ்ச் ஷிப்டுக்கு எத்தனை போல்ட் இறுக்குகிறது?

குறிச்சி_கேஜ் எழுதியது:

ஒரு பம்புக்கு எட்டு போல்ட், ஷிப்டுக்குச் சுமார் அறுபது பம்ப். இரண்டு ஷிப்ட்.

ஆய்வக_ஆள் எழுதியது:

நாளைக்கு 960. ஐ.எஸ்.ஓ. 6789 சொல்வது 12 மாதம் அல்லது சுமார் 5,000 இறுக்கல், எது முதலில் வருகிறதோ அது. உங்களுக்கு அது ஆறாவது நாளிலேயே வந்துவிடுகிறது. ஆறு நாளுக்கு ஒரு முறை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாது என்பது தெரியும். ஆனால் பயனாளர் தனக்கென்று ஒரு கட்டுப்பாட்டு நடைமுறை வைக்காதபோதுதான் அந்த 5,000 பொருந்தும் என்று அதே தரநிலையில் இருக்கிறது. ஆகவே வரிசையிலேயே ஒரு டார்க் டெஸ்டர் வாங்கி வையுங்கள். ஷிப்ட் தொடங்கும்போது ஒவ்வொரு ரெஞ்சையும் அதில் ஐந்து முறை கிளிக் செய்து எண்ணை எழுதட்டும். ஆய்வகத்துக்கு அந்த டெஸ்டரை ஆண்டுக்கு ஒரு முறை அனுப்புங்கள். ஷிப்ட் முடிந்ததும் ரெஞ்சை மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள், ஸ்பிரிங் இறுகிய நிலையிலேயே இரவு முழுவதும் கிடந்தால் அதுவும் ரீடிங்கை இழுக்கும்.